நாட்டுப்புறப் படப்பிடிப்புத் தலங்கள், தமிழ்நாடு

தமிழ்த் திரைப்படங்களின் கிராமக் காட்சிகளுக்காக அரங்குகளுக்கு வெளியே தேர்ந்தெடுக்கப்படும் ஊர்கள், ஆற்றங்கரைகள், பழைய வீடுகள். 1970களின் நடுப்பகுதிவரை சிற்றூர்க் கதைகள் பெரும்பாலும் சென்னை ஸ்டுடியோக்களில் போடப்பட்ட செட்டுகளிலேயே படமாயின. சத்தியமங்கலத்தை அடுத்த தெங்குமரகடாவில் எடுக்கப்பட்ட 'அன்னக்கிளி' (1976), மைசூர், கொள்ளேகால் வட்டாரத்தில் எடுக்கப்பட்ட இயக்குநர் பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) ஆகியவற்றின் வெற்றி இவ்வழக்கத்தை மாற்றியது.

முக்கியத் தலங்கள்: பொள்ளாச்சி வட்டாரம், தென்னந்தோப்புகளுக்கும் பெரிய பண்ணை வீடுகளுக்கும் பெயர்பெற்றது, 'தேவர் மகன்' (1992), 'எஜமான்' (1993) இங்கு உருவானவை. கோபிசெட்டிபாளையம், வாய்க்கால் பாசன வயல்களும் கொடிவேரி அணைக்கட்டும் கொண்டது. குமரி மாவட்டத்தின் முட்டம் கடற்கரையில் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) படமாயின.

சிற்றூர்களுக்கு அப்பால், நகரத் தலமான திருச்சிராப்பள்ளி: காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த ஸ்ரீரங்கம் தீவு, 1987இல் நிறைவுற்ற பதின்மூன்று நிலை இராசகோபுரம், மலைக்கோட்டை ஆகியவை இந்நகரின் அடையாளக் காட்சிகள். கோட்டையின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'மலைக்கோட்டை' 2007இல் வெளிவந்தது.

இங்கிலாந்தில் 'டவுன்டன் ஆபி' தொலைக்காட்சித் தொடர் படமாக்கப்பட்ட ஹைகிளேர் மாளிகை பார்வையாளர்களை ஈர்க்கும் சுற்றுலாத் தலமாக விளங்குகிறது. தமிழகத் தலங்களும் அவ்வாறு பார்வையாளர்களை ஈர்க்கத் தகவல் பலகைகளும் முறையான ஆவணப் பதிவும் தேவை. மாறிவரும் சிற்றூர்களின் பழைய தோற்றத்துக்கு இத்தலங்களில் எடுக்கப்பட்ட படங்கள் மதிப்புமிக்க காட்சிச் சான்றுகள்.