அரிசிக் கப்பலும் சிமெண்டுக் கப்பலும்

2009 மே முதல் பாதியில் பிரான்ஸின் தென்கரையிலிருந்து ‘கேப்டன் அலி’ என்ற சரக்குக் கப்பல் புறப்பட்டது. அதை அனுப்பிய புலம்பெயர் தமிழர்கள் அந்தப் பயணத்துக்கு ‘வணங்கா மண்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் திரட்டிய 884 டன் உணவும் மருந்தும் அதில் இருந்தன. போக வேண்டிய இடம் இறுதிப் போர் நடந்துகொண்டிருந்த இலங்கையின் வன்னிக் கரை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2010 மே இறுதியில், ஆறு கப்பல்கள் காஸாவை நோக்கிச் சென்றன. அவற்றுள் பெரியது துருக்கியின் ‘மாவி மர்மரா’.

முதலில் சரக்கைப் பார்ப்போம். காஸாவுக்குப் போனது ஏறத்தாழ 10,000 டன். சிமெண்ட், கட்டுமான இரும்பு, ஆயத்த வீடுகள், சக்கர நாற்காலிகள், மருத்துவக் கருவிகள். 2007 முதல் இஸ்ரேல் நடத்திய முற்றுகையில் சிமெண்ட் உள்ளே போவது அநேகமாக நின்றிருந்தது. (ஒரு கட்டத்தில் கொத்தமல்லிக்கும் தடை. கொத்தமல்லியை வைத்து யார் என்ன போர் நடத்துவார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.) எதைத் தடுத்தார்களோ அதையே ஏற்றிக்கொண்டு போனார்கள். தடுத்தாலும் செய்தி, விட்டாலும் செய்தி.

வணங்கா மண்ணில் அந்தச் சூட்சுமம் இல்லை. பசித்தவனுக்குச் சோறு, அவ்வளவுதான். கொழும்போ பசித்தவர்களின் எண்ணிக்கையையே ஒப்புக்கொள்ளவில்லை. போர்ப் பகுதியில் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று 2009 தொடக்கத்தில் அது சொல்லிவந்தது. பிறகு முகாம்களில் அடைபட்டவர்களோ இரண்டரை லட்சத்துக்கும் மேல். செஞ்சிலுவைச் சங்கத்தின் ‘கிரீன் ஓஷன்’ கப்பல் மட்டும் காயம்பட்டவர்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தது. மே 9க்குப் பிறகு அதுவும் நின்றது. மே 18 அளவில் எல்லாம் முடிந்தது. கேப்டன் அலியை இலங்கைக் கடற்படை மறித்தது ஜூன் முதல் வாரத்தில்.

மறித்தபோது அதில் இருந்தவர்கள் மாலுமிகளையும் சேர்த்து இருபது பேருக்கும் குறைவு. மாவி மர்மராவிலோ கிட்டத்தட்ட 600 பேர், பல நாட்டுக் கடவுச்சீட்டுகள், நேரலைக் கேமராக்கள். அந்தக் கப்பலில் பயணிகளின் மூட்டைமுடிச்சு தவிர நிவாரணச் சரக்கே இல்லை என்று ஐ.நா.வின் பால்மர் குழு பின்னர் குறிப்பிட்டது. அதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. மனிதர்கள்தான் அதன் சரக்கு என்பேன் நான். மே 31 விடியற்காலையில், சர்வதேசக் கடலில், ஹெலிகாப்டரிலிருந்து இஸ்ரேல் கமாண்டோக்கள் இறங்கினார்கள். பயணிகளில் சிலர் தடியும் இரும்புக் கம்பியுமாக எதிர்த்தார்கள். ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். நினைவு திரும்பாமலே கிடந்த பத்தாமவர் 2014இல் இறந்தார். முற்றுகை சட்டப்படியானது, ஆனால் படைபலம் மிதமிஞ்சியது என்றது பால்மர் அறிக்கை. ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் குழுவோ முற்றுகையே சட்டவிரோதம் என்றது.

சரக்கின் கதி இரண்டிலும் ஒன்றுதான்: முற்றுகையிட்டவரின் துறைமுகம். காஸா சரக்கு இஸ்ரேலின் அஷ்தோதில் இறக்கப்பட்டது. கப்பல்களில் கைதானவர்களை விடுவிக்கும்வரை அதை வாங்க மாட்டோம் என்று காஸாவை ஆண்ட ஹமாஸ் மறுத்தது. ஆனால் அடுத்த சில வாரங்களில், அனுமதித்த பொருட்களின் பட்டியலுக்குப் பதில் தடைசெய்த பொருட்களின் பட்டியல் என்று விதியை இஸ்ரேல் மாற்றிக்கொண்டது. கொத்தமல்லிக்கு வழி பிறந்தது. 2013இல் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு துருக்கியிடம் மன்னிப்புக் கேட்டார். 2016இல் 2 கோடி டாலர் இழப்பீடு என்று உடன்பாடு.

அந்தப் பத்து உயிர்களுக்கு இது ஈடு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் துருக்கி என்றொரு அரசு அங்கே கேட்பதற்கு இருந்தது. வன்னிக்காரனுக்குக் கேட்க எவர் இருந்தார்? அதே இலங்கைக் கடலில் 1987 ஜூன் 3 அன்று இராமேசுவரத்திலிருந்து போன நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியனுப்பியது. மறுநாளே இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. 2009இல் எந்த விமானமும் கிளம்பவில்லை.

திருப்பியனுப்பப்பட்ட கேப்டன் அலி சென்னைக்கு வெளியே கடலில் காத்துக் கிடந்தது. முதல்வர் கருணாநிதி தில்லியிடம் கேட்டு, தில்லி கொழும்பிடம் கேட்ட பிறகு, சரக்கு சென்னையில் இறக்கப்பட்டு, வேறு கப்பலில் ஏறி, செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் ஜூலையில் கொழும்பு போய்ச் சேர்ந்தது. முகாம்களில் மக்கள் சோற்றுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, அந்த அரிசியும் பருப்பும் மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே கிடந்தன.