அலுமாரிச் சாவியும் ஆயிரத்தொரு இரவுகளும்



போன தவணை எங்கள் பாடசாலை நூலகத்தில் நடந்த ஒரு விடயத்தைப் பற்றி ஊரில் பல விதமாகக் கதைக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லி, அதற்குப் பின்னால் இருக்கும் நீண்ட வரலாற்றையும் கொஞ்சம் எழுதலாம் என்று நினைத்தோம். பதிவு நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

தரம் 7 படிக்கும் பிள்ளையொன்று நூலகத்திலிருந்து 'ஆயிரத்தொரு இரவுகள்' புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தது. அலாவுதீனைக் கார்ட்டூனில் பார்த்த பிள்ளை. அந்தக் கதை இருக்கும் என்றுதான் எடுத்திருக்கிறது. ஆனால் அது பெரியவர்களுக்கான முழுப் பதிப்பு. இரண்டு நாளில் வாப்பா புத்தகத்தோடு அதிபரின் அறைக்கு வந்துவிட்டார். அவர் மடித்து வைத்திருந்த பக்கங்களை நாங்களும் வாசித்தோம். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. அந்த வயதுப் பிள்ளைக்குரிய புத்தகம் அது இல்லை.

பிழை எங்களுடையது. யாரோ நன்கொடையாகத் தந்த பெட்டியில் வந்த புத்தகம் அது. அட்டையைப் பார்த்தோம், முத்திரை குத்தினோம், பதிவேட்டில் இலக்கம் போட்டோம், தட்டில் வைத்தோம். ஒருவரும் திறந்து வாசிக்கவில்லை.

அதற்கு அடுத்து நடந்ததுதான் இன்னும் பெரிய பிழை. 'இனிப் பிரச்சினையே வேண்டாம்' என்று கதைப் புத்தக அலுமாரிகள் எல்லாம் பூட்டப்பட்டன. சாவி அலுவலகத்துக்குப் போய்விட்டது. இப்போது எங்கள் நூலகத்தில் பிள்ளைகள் கையில் எடுக்கக்கூடியவை கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும் பழைய பத்திரிகைகளும்தான். எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது என்று நிம்மதிப்படுகிறோம். எந்தப் பிள்ளையும் வாசிக்கவும் போவதில்லை என்பதை யோசித்தோமா?

எந்தப் புத்தகத்தை எந்த வயதில் கொடுப்பது என்ற கேள்வி நம் ஊரில் தொடங்கியதல்ல. நமக்கு முன்னிருந்தவர்கள் பல நூறு வருடங்களாக இதோடு மாரடித்திருக்கிறார்கள். பிரச்சினைக்குரிய அதே புத்தகத்தின் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

10ஆம் நூற்றாண்டு பக்தாதில் இப்னு நதீம் என்று ஒருவர் இருந்தார். தொழில் புத்தக வியாபாரம். தம் காலத்தில் அரபு மொழியில் கிடைத்த நூல்களையெல்லாம் பட்டியலிட்டு 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்ற நூலைத் தந்தவர். ஆயிரத்தொரு இரவுகளுக்கு மூலமாக அமைந்த பாரசீகக் கதைத் தொகுதியைப் பற்றியும் அதில் எழுதுகிறார். அந்தத் தொகுதியைப் பல தடவை முழுமையாகப் பார்த்திருப்பதாகவும், அது சுவையில்லாத, தரம் குறைந்த புத்தகம் என்றும் சொல்கிறார். நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவர் புத்தகத்தைப் பார்த்திருந்தார். பிடிக்காத புத்தகம் என்பதற்காகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும் இல்லை.

அந்தக் கதைகள் ஆரம்பத்தில் பிள்ளைகளுக்கென்று சொல்லப்பட்டவையல்ல. பெரியவர்கள் கூடுமிடங்களில் பெரியவர்களுக்குச் சொல்லப்பட்டவை. 1704 முதல் 1717 வரை அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றை 12 பாகங்களாகப் பிரெஞ்சில் வெளியிட்டார். தம் வாசகர்களுக்கு ஏற்றபடி பல இடங்களை மென்மையாக்கினார். இன்னொன்றும் நடந்தது. சிரியாவின் அலெப்போ நகரத்தைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவர் 1709இல் பாரிஸில் அவருக்குச் சில கதைகளை வாயால் சொன்னார். அலாவுதீனும் அலிபாபாவும் அப்படி உள்ளே வந்தவர்கள்தான். பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் அவர்கள் இல்லை. நமது தரம் 7 பிள்ளை தேடிப்போன கதையே பிற்காலத்தில் சேர்ந்தது!

பிறகு 1838 முதல் 1840 வரை எட்வர்ட் லேன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, குடும்பத்தில் எல்லோரும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று பல பகுதிகளை விட்டுவிட்டார். 1885இல் ரிச்சர்ட் பேர்ட்டன் ஒன்றையும் விடாமல், இன்னும் கூட்டியும் எழுதினார். அதை அவர் கடைகளில் விற்கவில்லை. முன்கூட்டிப் பணம் கட்டிய சந்தாதாரர்களுக்கு மட்டும் அச்சிட்டார். 1898இல் அன்ட்ரூ லாங் கதைகளைத் தெரிந்தெடுத்து, சுருக்கி, படங்களோடு சிறுவர்களுக்கென்று ஒரு புத்தகம் செய்தார்.

ஒரே பெயரில் இத்தனை புத்தகங்கள். பேர்ட்டனின் புத்தகம் பிள்ளையின் கையில் வரக்கூடாது என்பது சரி. லாங்குடையதைப் போன்ற ஒன்றை எதற்காகப் பூட்டி வைக்கவேண்டும்? தலைப்பை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நாங்கள் தலைப்பைப் பார்த்து உள்ளே எடுத்தோம். பிறகு தலைப்பைப் பார்த்தே பூட்டினோம். இரண்டு தடவையும் வாசிக்கவில்லை.

'மார்க்கம் என்ன சொல்கிறது ஸேர்?' என்று சிலர் கேட்டார்கள். ஃபத்வா சொல்வது எங்கள் வேலையில்லை. ஆனால் நமது பெரிய அறிஞர்கள் இதைப் பற்றி எழுதியிருப்பதைச் சொல்லலாம்.

1111இல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, குர்ஆனையும் நபிமொழிகளையும் நல்லோரின் வரலாறுகளையும் பிள்ளைக்குக் கற்பிக்கவேண்டும், காதல் கவிதைகளிலிருந்து அவனைக் காக்கவேண்டும் என்கிறார். அந்த வாப்பாவின் கவலை இமாம் கஸ்ஸாலிக்கும் இருந்த கவலை. அதை யாரும் கேலி செய்யவேண்டாம்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொன்னவர் இப்னு கல்தூன். 1377இல் முகத்திமாவை எழுதி முடித்தவர். அவர் காலத்து முஸ்லிம் உலகில் பிள்ளைகளுக்கு எதை முதலில் படிப்பிப்பது என்பதில் ஒரே வழக்கம் இருக்கவில்லை. மக்ரிபில் குர்ஆனை மட்டும் ஓதிக்கொடுத்தார்கள். அந்தலூஸில் குர்ஆனோடு கவிதை, கட்டுரை, இலக்கணம், கையெழுத்து எல்லாவற்றையும் சேர்த்துக் கற்பித்தார்கள். காழி அபூபக்ர் இப்னுல் அரபி, மொழியையும் கவிதையையும் கணக்கையும் முதலில் படித்தால் பிள்ளை குர்ஆனை விளங்கி ஓதும் என்று சொல்லியிருந்தார். அது நல்ல முறைதான், ஆனால் நடைமுறை வழக்கம் அதற்கு இடம் கொடுக்காது என்று இப்னு கல்தூன் காரணத்தோடு எழுதுகிறார். நாம் இன்று வாதாடுகிற விடயத்தை அவர்கள் எவ்வளவு நிதானமாகப் பேசியிருக்கிறார்கள்!

அவர் சொன்ன இன்னொன்றுதான் எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. ஆரம்பநிலை மாணவனிடம் முடிவுநிலைக்குரிய கடினமான விடயங்களைக் கொடுத்தால் அவன் மனம் களைத்துப்போகும். கல்வியே கஷ்டமானது என்று நினைத்து அதை விட்டு ஒதுங்கிவிடுவான். குற்றம் கல்வியில் இல்லை, கற்பித்த முறையில்தான்.

வயதுக்கு ஏற்காத புத்தகம் என்றவுடன் நமக்கு வெட்கக்கேடான பக்கங்கள் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. தரம் 4 பிள்ளைக்குக் கொடுக்கும் 600 பக்கச் சரித்திரப் புத்தகமும் வயதுக்கு ஏற்காததுதான். தரம் 11 பிள்ளைக்குக் கொடுக்கும் முயல், ஆமைக் கதையும் அப்படித்தான். முதல் வகைக்கு முறைப்பாடு வரும். மற்றதற்கு எந்த வாப்பாவும் அதிபரின் அறைக்கு வரமாட்டார். பிள்ளை சத்தமில்லாமல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கியவர். சைவப் பிள்ளைகளுக்காகப் பாலபாடங்களைப் படிப்படியாக எழுதினார். முதல் புத்தகத்தில் எழுத்தும் சிறு வாக்கியமும். மேலே போகப் போக நீண்ட கட்டுரைகள். அவ்வளவு பெரிய பண்டிதர் சின்னப் பிள்ளையின் படிக்கு இறங்கிவந்து எழுதினார். அதே வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த நமது அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் குர்ஆன் மத்ரசாவில் ஓதி, பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாவின் அதிபராக இருந்தார். பிறர் புத்தகங்களை வாசித்ததால் அவருடைய ஈமான் குறைந்துவிடவில்லை.

கண்டியில் அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்தார். சமூகம் பாடசாலைக் கல்விக்குத் தயங்கிய காலம் அது. 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் அந்த நூல், சிறு வயதில் கடத்தப்பட்ட ஒரு பிள்ளையின் சாகசக் கதை. கண்டியின் சட்டத்தரணி, சமூகத்தைத் திருத்த வந்த மனிதர், கதை எழுதுவதை வீண் வேலை என்று நினைக்கவில்லை. நமது நூலகத்தில் அந்தக் கதைக்கும் இப்போது பூட்டுத்தான். பழைய நடை என்பதால் தரம் 10க்கு மேலே கொடுக்கலாம். சின்னவர்களுக்கு ஆசிரியர் வாயால் சொல்லலாம்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரை எல்லோருக்கும் தெரியும். ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பிள்ளைகளுக்குப் பாட்டாகத் தந்தவர். பிள்ளை கண்ணால் காண்கிற பொருளை, அது வாயால் பேசுகிற சொல்லில் தந்தார். அதனால்தான் நம் உம்மாமார் வாயிலும் அந்தப் பாட்டுகள் இன்னும் இருக்கின்றன.

1980இல் இலவசப் பாடநூல் வந்தது. ஏழைப் பிள்ளையின் கையிலும் புதுப் புத்தகம் கிடைத்தது. பெரிய நன்மை. ஆனால் காலப்போக்கில் புத்தகம் என்றால் பாடநூல், வாசிப்பு என்றால் பரீட்சை என்று நாமே சுருக்கிவிட்டோம். புலமைப்பரிசில் வருடத்தில் கதைப் புத்தகத்தைப் பிடுங்கி ஒளித்துவைக்கும் வீடுகள் எத்தனை!

சரி, இனி என்ன செய்வது? உள்ளூரில் வெளியாகும் சில நூல்களில் பாடசாலை நூலகத்துக்கென்று கல்வி அமைச்சு அங்கீகரித்த குறிப்பு இருக்கும். அது நல்ல துணை. ஆனால் நன்கொடைப் பெட்டியில் வரும் எல்லாவற்றிலும் அது இருக்காது. எந்தத் தரத்துப் பிள்ளைக்கு என்பதையும் நாம்தான் பார்க்கவேண்டும். ஆகவே நாங்கள் யோசித்திருப்பது இது:

தரம் 1–5, தரம் 6–9, தரம் 10–13 என்று மூன்று தட்டுகள். புத்தக முதுகில் மூன்று நிற ஒட்டிகள். ஒரு மனிதராவது முழுமையாக வாசித்து, பதிவேட்டில் பெயரெழுதிக் கையொப்பமிடாமல் எந்தப் புத்தகமும் தட்டுக்குப் போகாது. சின்னவர்களின் தட்டுக்கு வரும் புத்தகத்தை ஒரு பிள்ளைக்கு வாசித்துக் காட்டியும் பார்க்கவேண்டும். கொட்டாவி விட்டால் அது அந்தத் தட்டுக்கு வேண்டாம். பெரியவர்களுக்கான புத்தகங்கள் ஆசிரியர் அறைக்குப் போகட்டும், குப்பைக்கு வேண்டாம்.

ஆசிரியர்கள் மட்டும் இதைச் செய்து முடிக்க முடியாது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தம்பி தங்கைமார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வாசிக்கத் தெரிந்த உம்மாமார், வாப்பாமார் எல்லோரும் வேண்டும். ஒருவர் மாதம் இரண்டு புத்தகம் வாசித்தால் போதும். நன்கொடை தருபவர்களும் தயவுசெய்து வீட்டைத் துப்பரவாக்கும்போது மிஞ்சுவதை அனுப்பாமல், ஒரு பிள்ளையை மனதில் வைத்து ஒரு புத்தகம் வாங்கித் தாருங்கள்.

முறைப்பாடு செய்த வாப்பாவிடம் போன கிழமை இதைக் கதைத்தோம். 'அந்தப் புத்தகத்தில் எத்தனை பக்கம் வாசித்தீர்கள்?' என்று கேட்டோம். கொஞ்சம் வெட்கப்பட்டு, 'உண்மையைச் சொன்னால் முழுக்க வாசிச்சிட்டன் ஸேர்' என்றார். எங்கள் நூலகத்தில் அதை முழுமையாக வாசித்த முதல் மனிதர் அவர்தான். வாசிப்புக் குழுவின் முதல் பெயராக அவருடைய பெயரை எழுதிக்கொண்டோம்.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு முன் அலுமாரிகளைத் திறந்துவிட அதிபர் சம்மதித்திருக்கிறார். அதற்குள் வாசித்துப் பிரிக்கவேண்டிய புத்தகங்கள் நிறைய உள்ளன. சேர விரும்புபவர்கள் பாடசாலை முடிந்த பின் நூலகத்துக்கு வாருங்கள். வரும்போது உங்கள் பிள்ளையையும் கூட்டிவாருங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. ஆமீன்.