உல்லாசக் கப்பல் பணியாளர்களின் ஓய்வுநேர வாழ்க்கை

உல்லாசக் கப்பல்களில் வேலை பார்ப்பவர்கள் தங்கள் பணி முடிந்த நேரத்தை எங்கே, யாரோடு, எப்படிக் கழிக்கிறார்கள் என்பதையும், அதற்கென அமைந்த இடங்கள், வழக்கங்கள், விதிகள் ஆகியவற்றையும் இக்கட்டுரை விவரிக்கிறது. பெரிய கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்கிறார்கள். 2024-இல் பயணத்தைத் தொடங்கிய ராயல் கரீபியன் நிறுவனத்தின் ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ கப்பலில் பணியாளர்கள் மட்டும் சுமார் 2,350 பேர். உல்லாசக் கப்பல் பணியாளர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா முதலிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஒரே கப்பலில் ஐம்பது, அறுபது நாட்டினர் சேர்ந்து வேலை பார்ப்பது சாதாரணம்.

வேலை முடிந்தாலும் இவர்கள் வீட்டுக்குப் போக முடியாது. பணியிடம், படுக்கை, சாப்பாடு, சிநேகம் எல்லாமே ஒரே கப்பலுக்குள். மேலதிகாரியும் அதே தாழ்வாரத்தில்தான் எதிர்ப்படுவார். அதனால் கரையில் தானாகக் கிடைக்கும் ஓய்வை இங்கே இடம் ஒதுக்கி, நேரம் ஒதுக்கி, விதி எழுதித்தான் உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. களைத்துப்போன பணியாளர் ஆபத்து நேரத்தில் பயணிகளை உயிர்காப்புப் படகுக்கு ஒழுங்காக அழைத்துச் செல்ல முடியாது. எனவே பணியாளரின் ஓய்வு கப்பலில் இருக்கும் அத்தனை பேரின் பாதுகாப்போடும் சேர்ந்தது.

பணிநேரமும் இடைவேளையும்

சாதாரணப் பணியாளர்களின் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம். அதிகாரிகளுக்கு மூன்று, நான்கு மாதம் வழக்கம். ஒப்பந்தக் காலத்தில் வார விடுமுறை என்று ஒரு முழு நாள் பொதுவாகக் கிடையாது. தினமும் பத்து, பதினோரு மணி நேரம் வேலை இருக்கும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் ஏற்று, 2013 ஆகஸ்ட் 20 அன்று நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதற்கு வரம்பு வகுத்துள்ளது. வேலைநேர வரம்பைப் பின்பற்றும் நாடுகளில் 24 மணி நேரத்தில் 14 மணிக்கு மேலும், ஏழு நாளில் 72 மணிக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. ஓய்வுநேர வரம்பைப் பின்பற்றும் நாடுகளில் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணியும், ஏழு நாளில் 77 மணியும் ஓய்வு தர வேண்டும். அந்தத் தினசரி ஓய்வை இரண்டு துண்டுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது. அதில் ஒரு துண்டு ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

வேலை பல துண்டாக நடப்பதால் ஓய்வும் சிதறியே கிடைக்கிறது. உணவகப் பரிமாறுநர் விடியற்காலையில் எழுந்து காலை உணவு பரிமாறுவார், நடுவில் சிறிது இடைவேளை, பிறகு மதிய உணவு, பிற்பகலில் இரண்டு, மூன்று மணி நேரம் ஓய்வு, மாலையில் தொடங்கும் இரவு விருந்து பத்து, பதினொன்று மணி வரை. பிற்பகல் இடைவேளையில் துணி துவைக்கலாம், வீட்டுக்குப் பேசலாம், துறைமுகத்தில் இறங்கி நடக்கலாம், தூங்கலாம். நான்குக்கும் நேரம் போதாது. அனுபவசாலிகள் பலரும் தூக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சேர்ந்து பேசிச் சிரிக்கும் நேரம் இரவு பதினொன்றுக்குப் பிறகே தொடங்குகிறது.

அறைகள்

பணியாளர் அறைகள் பெரும்பாலும் கீழ்த்தளங்களில், பல கப்பல்களில் நீர்மட்டத்துக்கும் கீழே இருக்கும். ஜன்னல் இருக்காது. ஓர் அறையில் இருவர், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கட்டில்கள், ஒரு சிறிய மேசை, தொலைக்காட்சி, அலமாரி, குளியலறை. அதிகாரிகளுக்குத் தனி அறை கிடைக்கும்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை உண்டு. திரையை இழுத்து மூடினால் உள்ளே இருப்பவரைக் கூப்பிடக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஒருவர் பகல் ஷிஃப்டும் மற்றவர் இரவு ஷிஃப்டும் பார்த்தால் இந்தத் திரைதான் இருவருக்கும் உள்ள ஒரே தனிமை. அறைச் சுவர் உலோகம் என்பதால் காந்தத் துண்டுகள் நன்றாக ஒட்டும். பிள்ளையின் பள்ளிப் படம், ஊர்க் கோயில் காலண்டர், பணிமுடியும் தேதி வரை அடித்துக்கொண்டே வரும் அட்டவணை எல்லாம் அந்தக் காந்தங்களில் தொங்கும். மின் அடுப்பு, சோறு வடிக்கும் குக்கர், இஸ்திரிப் பெட்டி முதலியவற்றை அறையில் வைக்கத் தடை உண்டு. கப்பலில் தீ விபத்தே பெரிய பயம். சோதனையில் சிக்கினால் பறிமுதல் செய்துவிடுவார்கள். ஆகவே நள்ளிரவுப் பசிக்கு மெஸ் எனப்படும் பணியாளர் உணவுக்கூடத்திலிருந்து வெந்நீர் பிடித்துவந்து ஊற்றும் கப் நூடுல்ஸ்தான் துணை.

பொது இடங்கள்

கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனை வரை கீழ்த்தளத்தில் ஓடும் அகன்ற தாழ்வாரம் பணியாளர் உலகின் பெருந்தெரு. அமெரிக்கக் கிழக்குக் கரையோரம் ஓடும் நெடுஞ்சாலையின் நினைவில் பல கப்பல்களில் இதை ‘ஐ-95’ என்கிறார்கள். சரக்கு வண்டிகளும் அழுக்குத்துணி மூட்டைகளும் உணவுத் தள்ளுவண்டிகளும் போகும் இதே பாதையில்தான் அறிவிப்புப் பலகை, பயிற்சி அறை, பணியாளர் அலுவலகம் எல்லாம் உள்ளன. அன்றைய திரைப்படம் எது, நாளைக்கு எந்தத் துறைமுகம், கரையிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை இங்கேதான் பார்த்துக்கொள்வார்கள்.

உணவுக்கூடங்கள் பொதுவாகப் பதவிக்கேற்பப் பிரிந்திருக்கும்: அதிகாரிகளுக்கு ஒன்று, கடை, கேளிக்கை, அழகுநிலையம் போன்ற பிரிவினருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு க்ரூ மெஸ். க்ரூ மெஸ்ஸில் சோறு இல்லாத வேளை அநேகமாகக் கிடையாது. ஆசியப் பணியாளர் அதிகம் உள்ள கப்பல்களில் கறிக்குழம்பும் மீன்குழம்பும் இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த ஊறுகாய்ப் பாட்டில் மேசைக்கு மேசை கைமாறும்.

க்ரூ பார் எனப்படும் பணியாளர் மதுக்கூடம் இரவு வாழ்க்கையின் மையம். பயணிகள் பகுதியைவிட இங்கே விலை மிகக் குறைவு. பழைய பிரிட்டிஷ் கப்பல்களில் இதற்கு ‘பிக் அண்ட் விசில்’ என்று பெயர் வைப்பது மரபு. பணியாளர்கள் சுருக்கமாக ‘பிக்’ என்பார்கள். ஒரு மூலையில் கரோக்கி, இன்னொரு மூலையில் கரீபியத் தீவினர் பலகை அதிரக் காய் வைக்கும் டாமினோ, நடுவில் ஆட்டம். குடிக்காதவர்களும் வருவார்கள். காப்பியோடு உட்கார்ந்து அன்றைய பயணிகளின் கதைகளைப் பேசுவதற்கு இதைவிட்டால் வேறு இடமில்லை.

மேலும் உடற்பயிற்சிக்கூடம், சிறிய நூலகம், கணினி அறை, பற்பசையிலிருந்து தின்பண்டம் வரை விற்கும் பணியாளர் கடை ஆகியவையும் உண்டு. பல கப்பல்களின் முன்முனையில் பயணிகள் கண்ணில் படாத திறந்த தளம் பணியாளர்களுக்கு விடப்படுகிறது. சிலவற்றில் அங்கே சிறு நீச்சல்குளமும் இருக்கும். நாள் முழுக்க ஜன்னலில்லாத சலவைக்கூடத்திலோ சமையற்கூடத்திலோ நிற்பவருக்கு வெயிலும் காற்றும் படும் இடம் அதுதான்.

கேளிக்கைகளும் விழாக்களும்

மனிதவளப் பிரிவு அல்லது பணியாளர் நலக்குழு மாதந்தோறும் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும். பிங்கோ, வினாடிவினா, டேபிள் டென்னிஸ் போட்டி, திறமைப் போட்டி, வேடமணிந்து வரும் விருந்து ஆகியவை அடிக்கடி நடப்பவை. பயணிகள் ஒதுங்கிய பின் அரங்கத்தையோ விளையாட்டுத் தளத்தையோ பணியாளர்களுக்குத் திறந்துவிடுவதும் உண்டு. அங்கே பிலிப்பினோக்களின் கூடைப்பந்து ஆட்டம் தனி உற்சாகத்தோடு நடக்கும். பல கப்பல்களில் பணியாளர் பார், கடை ஆகியவற்றின் லாபத்தில் ஒரு பகுதி நலநிதியாகி, இந்நிகழ்ச்சிகளின் செலவுக்கும் பரிசுக்கும் போகிறது.

நாட்டு விழாக்கள் மிக முக்கியம். ஜூன் 12 பிலிப்பைன்ஸ் சுதந்திர தினம், ஆகஸ்ட் 15 இந்தியச் சுதந்திர தினம், ஆகஸ்ட் 17 இந்தோனேசியச் சுதந்திர தினம் ஆகிய நாட்களில் அந்தந்த நாட்டவர் மெஸ்ஸை அலங்கரித்து, தங்கள் சமையலைப் பரிமாறுவார்கள். தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் எல்லாவற்றுக்கும் வேலையை முடித்துவிட்டு நடு இரவில் கூடுவார்கள். பண்டிகைக் காலம் பயணிகள் நிரம்பி வழியும் காலம் என்பதால் அன்றுதான் வேலையும் அதிகம். ஜூன் 25 உலகக் கடலோடிகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நட்பும் உறவும்

முதல் ஒப்பந்தத்துக்கு வரும் புதியவரை முதலில் தேடி வருபவர் அவருடைய நாட்டவரே. எந்தச் சலவை இயந்திரம் ஒழுங்காக ஓடும், எந்த மேற்பார்வையாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவர் மூலமாகத்தான் தெரியவரும். கேரளக்காரரும் கோவாக்காரரும் தமிழரும் ஊரில் இருந்தால் பழகியிருக்கவே மாட்டார்கள். கப்பலில் ஒரே மேசைக்காரர்கள் ஆகிறார்கள். பிறகு வட்டம் விரிந்து, பிரிவு வாரியாகவும் ஷிஃப்ட் வாரியாகவும் சிநேகிதம் வளரும். பொதுமொழி ஆங்கிலம், ஆனாலும் பத்து மொழிகளின் வசைச்சொற்களும் வணக்கங்களும் சில மாதத்தில் எல்லார் வாயிலும் வந்துவிடும்.

காதலும் திருமணமும் நிறைய நடக்கின்றன. தம்பதிகளுக்கு ஒரே அறை தருவது பல நிறுவனங்களின் நடைமுறை. ஆனால் ஒருவருடைய ஒப்பந்தம் முன்னே முடியும், மற்றவரை வேறு கப்பலுக்கு மாற்றுவார்கள். ஒப்பந்தம் முடிந்து இறங்கும் ‘சைன் ஆஃப்’ நாளில் இறங்குபடியருகே நடக்கும் வழியனுப்பல் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் நிகழ்வது. நட்பு சீக்கிரம் ஏற்படுவதற்கும் சீக்கிரம் அறுந்துபோவதற்கும் காரணம் இந்த ஒப்பந்த முறையே.

கரையில்

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது பயணிகள் பலர் இறங்கிவிடுவதால் பணியாளர்களுக்கும் சில மணி நேரம் கிடைக்கும். எல்லாரும் இறங்க முடியாது: தீயோ வேறு ஆபத்தோ வந்தால் சமாளிக்கத் தேவையான ஆட்கள் முறைவைத்துக் கப்பலிலேயே இருக்க வேண்டும். இறங்கியவர்கள் பயணிகளுக்குச் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும்.

பணியாளர்கள் சுற்றுலா இடங்களைத் தேடிப் போவது குறைவு. துறைமுக வாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வைஃபை, மலிவான சாப்பாடு, பணம் அனுப்பும் கடை மூன்றும் இருந்தால் அதுவே நல்ல துறைமுகம். மெக்சிகோவின் கொசுமெல் தீவில் உள்ள ‘நோ நேம்’ மதுக்கூடம் கப்பல் பணியாளர்கள் கூடுவதற்குப் பெயர்பெற்றது. அலாஸ்காவின் ஜூனோவில் துறைமுகத்தை ஒட்டியுள்ள பொது நூலகத்தில் கைபேசியும் கையுமாகப் பணியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

தொண்டு அமைப்புகள் நடத்தும் கடலோடிகள் நலமையங்கள் இன்னொரு புகலிடம். 1856-இல் தோன்றிய ஆங்கிலிக்கத் திருச்சபையின் ‘மிஷன் டு சீஃபேரர்ஸ்’, 1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கிய கத்தோலிக்க அமைப்பான ‘ஸ்டெல்லா மாரிஸ்’ ஆகியவை உலகத் துறைமுகங்கள் பலவற்றில் இயங்குகின்றன. இணையம், சிம் அட்டை, ஊருக்குப் பணம் அனுப்பும் வசதி, நகருக்குள் போக வண்டி, பேச ஓர் ஆள் ஆகியவை அங்கே கிடைக்கும். எந்த மதத்தவர் என்று கேட்பதில்லை.

வீட்டுடன் தொடர்பு

முன்பு கடிதத்துக்கும், பிறகு துறைமுகத் தொலைபேசிச் சாவடிக்கும் வரிசையில் நின்றவர்கள், அதன்பின் நிமிடக் கணக்கில் விலை வைத்த செயற்கைக்கோள் இணைய அட்டைகளை வாங்கினார்கள். 2022-இல் ராயல் கரீபியன் தன் கப்பல்களுக்கு ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையச் சேவையை அறிவித்தது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. நடுக்கடலிலும் காணொளி அழைப்பு இப்போது சாத்தியம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2022 திருத்தங்கள் இணைய வசதியைப் பணியாளர் நலத்தின் பகுதியாக ஏற்று, 2024 டிசம்பர் 23 அன்று நடைமுறைக்கு வந்தன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. க்ரூ பாரில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அறைத் திரைக்குள் கைபேசியோடு ஒதுங்குகிறார்கள். ஊரில் நடக்கும் நோயும் கடனும் சண்டையும் உடனுக்குடன் தெரிகின்றன. போய் நிற்க மட்டும் முடியவில்லை.

கட்டுப்பாடுகள்

ஓய்வுநேரத்திலும் பணியாளர் கப்பலின் ஒழுங்குக்கு உட்பட்டவர். பயணிகள் பகுதிக்குள் நுழைய எல்லாருக்கும் அனுமதியில்லை. அனுமதி பெற்றவர்கள் பெயர்ப்பட்டையும் உரிய உடையும் அணிந்து, பயணிகளுக்கு முதலிடம் தர வேண்டும். பயணிகளுடன் நெருங்கிய உறவு வைத்தால் வேலை போகும். மாலுமிகளின் பயிற்சி, தகுதிகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் 2010 மணிலா திருத்தங்கள், அதிகாரிகளுக்கும் பாதுகாப்புப் பொறுப்புள்ளவர்களுக்கும் இரத்தத்தில் 0.05 சதவீத மது அளவை உச்சவரம்பாக வைத்தன. பல நிறுவனங்களின் விதி இதைவிடக் கடுமையானது. திடீர்ச் சோதனையும் நடக்கும்.

மனநலமும் உரிமைகளும்

2020 மார்ச்சில் கொரோனாவால் உல்லாசக் கப்பல்கள் நின்றபோது பயணிகள் வீடு திரும்பினார்கள். பணியாளர்கள் பல்லாயிரம் பேர் மாதக்கணக்கில் கப்பலிலேயே தங்கினார்கள். மணிலா விரிகுடாவில் பல கப்பல்கள் நங்கூரமிட்டுக் கிடந்தன. வாழ்நாளில் நுழையாத பால்கனி அறைகள் அவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் தனிமைப்படுத்தலால் கூட்டுச் சாப்பாடும் பேச்சும் நின்றன. வசதியான அறையால் துணையின் இடத்தை நிரப்ப முடியாது என்பதை அந்த மாதங்கள் காட்டின. இப்படித் தனிமையில் வாடுவோரும் நாட, கடலோடிகள் நலத்துக்கான பன்னாட்டு அமைப்பான இஸ்வான், ‘சீஃபேரர்ஹெல்ப்’ என்ற உதவி இணைப்பை 24 மணி நேரமும் இலவசமாக நடத்துகிறது.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை பொழுதுபோக்கு வசதிகளையும், கரைக்கு இறங்கும் விடுப்பையும், துறைமுக நலமையங்களைப் பயன்படுத்துவதையும் உரிமைகளாக வகுத்துள்ளது. இந்தியா இதை 2015-இல் ஏற்றது. 2025-இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட புதிய திருத்தங்கள் கரை விடுப்பையும், துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்பையும் வலுப்படுத்துகின்றன.

எழுத்தில் உள்ள இந்த உரிமைகளை நடைமுறையில் காப்பது ஓய்வுநேரப் பதிவேடு. பதிவேட்டில் பத்து மணி ஓய்வு என்று எழுதிவிட்டு எட்டு மணிதான் கொடுத்தால், நூலகமும் நீச்சல்குளமும் இருந்தும் பயனில்லை. கப்பலில் ஏறும் ஆய்வாளர்கள் அந்தப் பதிவேட்டைச் சம்பள ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும், பணியாளர்களிடம் தனியே பேசுவதும், புகார் சொன்னவர் பழிவாங்கப்படாமல் காப்பதும்தான் மேலே சொன்ன எல்லா வசதிகளுக்கும் அடிப்படை.