வேலை இருக்கிறது, பணியிடம் எங்கே?

காட்டைக் காப்பது யார் என்றால் வனத்துறை என்கிறோம். தீத்தடுப்புக் கோடு வெட்டுபவர், நாற்றங்காலில் மண் நிரப்புபவர், குழி தோண்டிக் கன்று நடுபவர் எல்லாம் வனத்துறை ஊழியர்களா என்று கேட்டால் பதில் வராது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இந்த வேலைகள் புதியவை அல்ல. அவற்றுக்குரிய பணியிடம்தான் கிடைக்கவில்லை.

இது நேற்று வந்த ஏற்பாடும் அல்ல. 1856-இல் கிளெக்ஹார்ன் தலைமையில் சென்னை மாகாண வனத்துறை தொடங்கியது. அதே ஆண்டில்தான் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடியது. தண்டவாளக் கட்டைக்கும் இன்ஜின் விறகுக்கும் மரம் தேவைப்பட்டது. 1882 சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடாக்கியது. அன்றைய சேலம் மாவட்டத்துக் கொல்லிமலையும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது. மலைமக்களின் மேய்ச்சலும் உழவும் அனுமதிக்குள் அடங்கின. கூப்பு ஏலத்துக்குப் போனது. அரசுக்கு வருமானம், காண்ட்ராக்டருக்கு லாபம், மரம் வெட்டியவருக்கு வெறும் கூலி.

நூறாண்டு கழித்து அரசே இதன் கேட்டை ஒப்புக்கொண்டது. 1988 தேசிய வனக் கொள்கை, காண்ட்ராக்டர்களும் அவர்களது ஆட்களும் செய்யும் சட்டவிரோத வெட்டு காடழிவுக்கு முக்கியக் காரணம் என்றது. அவர்களுக்குப் பதிலாகப் பழங்குடிக் கூட்டுறவுகள், தொழிலாளர் கூட்டுறவுகள், அரசுக் கழகங்கள் வர வேண்டும் என்றது.

1995-இல் மகாராஷ்டிர வனத்துறை வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. காடு வளர்ப்பது இறையாண்மைப் பணி, தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று துறை வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிக்கொண்டு தற்காலிகமாகவே வைத்திருப்பது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்றது. ஆனால் 2006 உமாதேவி தீர்ப்பு கதவைக் குறுக்கியது. முறையான தேர்வின்றிச் சேர்ந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. அவர்களை முறையாகத் தேர்வு செய்யாதது யார் குற்றம்?

2022-இல் வேட்டைத் தடுப்புக் காவலர்களைத் தனியார் ஏஜென்சியிடம் ஒப்படைக்கும் திட்டம் வந்தது. முதுமலைக் காவலர்கள் எதிர்த்துப் போராடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். 1988-இல் வெளியே அனுப்பச் சொன்ன காண்ட்ராக்டர், அவுட்சோர்சிங் என்ற பெயரில் திரும்பி வருகிறார்.

மலையில் நிலையான வேலை இல்லாவிட்டால் புரோக்கர் வருவார். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் பலர், ஜவ்வாது, சித்தேரி மலைகளின் மலையாளிப் பழங்குடிகள். செம்மரத்தில் கோடி பார்த்தவர்கள் அந்த இருபதில் இல்லை.

தோழர்களே, இது கூலிப் பிரச்சினை மட்டுமல்ல. அரசுப் பணியிடம் என்றால் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. தனியார் ஏஜென்சி தரும் வேலையில் அது இல்லை. ஒரு பணியிடம் காண்ட்ராக்டர் கைக்குப் போகும்போது, அதற்குள் இருந்த இடஒதுக்கீடும் சத்தமில்லாமல் செத்துவிடுகிறது. அரசாணை போட்டு யாரும் அதை ரத்து செய்யத் தேவையில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. நாமக்கல் வனக்கோட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியாக இருப்பவை எத்தனை, தினக்கூலிகள் எத்தனை பேர், அவர்களுக்கு பி.எஃப். கட்டப்படுகிறதா? இந்த நான்கு கேள்விகளையும் எழுதி அனுப்புவோம். வரும் பதிலை மலைக்கு எடுத்துச் சென்று மக்களிடம் வாசித்துக் காட்டுவோம்.