இடைக்காலத் தடையாணை (தொல்லை வழக்குகளில்)

மாவு மில்லின் இரைச்சல், உணவகப் புகை, பட்டறையின் அதிர்வு போன்றவற்றால் அவதிப்படும் அண்டை வீட்டார் தொடுக்கும் வழக்கில், சாட்சி விசாரணைக்கு முன்பே அத்தொழிலை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ உரிமையியல் நீதிமன்றம் இடும் ஆணை. உறுத்துக்கட்டளை என்றும் சொல்வர். மூல வழக்கு முடியப் பல ஆண்டுகள் ஆகலாம். அதனால் இரு தரப்பாருக்கும் நடைமுறையில் இதுவே தீர்ப்பாகிவிடுவதுண்டு.

இதன் வேர் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்தில் உள்ளது. மற்ற நீதிமன்றங்கள் நேர்ந்த தீங்குக்குப் பணம் வாங்கித் தந்தன. சான்சரியோ தீங்கையே நிறுத்தச் சொன்னது. தடைக்குப் பதிலாக இழப்பீடு வழங்கும் அதிகாரம் 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதற்குக் கிடைத்தது. லண்டன் மின்நிலையம் ஒன்றின் அதிர்வு குறித்த ஷெல்ஃபர் வழக்கில் (1895) அந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்டப்பட்டது. இழப்பீடு கொடுத்துவிட்டுத் தொல்லையைத் தொடரும் உரிமையைப் பணக்காரர் விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்ற அதன் நிலைப்பாடு இன்றும் மதிக்கத்தக்கது.

இந்தியாவில் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 39 இதற்கு அடிப்படை. தடை கேட்பவர் மூன்றைக் காட்ட வேண்டும்: வழக்குக்கு முகாந்திரம் உண்டு, தடை மறுக்கப்பட்டால் ஈடுசெய்ய முடியாத இழப்பு நேரும், இரு தரப்பு இன்னல்களையும் சீர்தூக்கினால் தராசு தம் பக்கம் சாய்கிறது. 1990களின் தொடக்கத்தில் தல்பத் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றைத் தெளிவாக விளக்கியது.

தொல்லை வழக்கில் சிக்கலானது மூன்றாவதே. ஒரு பக்கம் ஒருவரின் உறக்கம், மறுபக்கம் பலரின் கூலி. ‘ஜெய் சந்தோஷி மா’ திரைப்படம் சமய உணர்வைப் புண்படுத்துகிறது என்று கூறித் திரையரங்கின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், குஜராத் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. மனம் புண்படுவது மட்டும் சட்டப்படியான தொல்லை ஆகாது. விரும்பாதவர் படத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்றது. சுவரைத் தாண்டி வரும் புகைக்கும் சத்தத்துக்கும் அந்த விடை பொருந்தாது. மூக்கையும் காதையும் மூடிக்கொண்டு ஒருவர் தம் வீட்டில் வாழ முடியுமா?

ஆகவே சான்று முக்கியமாகிறது. இடத்தைப் பார்த்து அறிக்கை தர வக்கீல் கமிஷனரை நீதிமன்றம் நியமிக்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பு வைத்தபின், இரைச்சலை எண்ணாலும் காட்ட முடிந்தது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்துக்கு 1976ஆம் ஆண்டு வந்த திருத்தம் இத்துறையின் பெரிய திருப்பம். எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை தந்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தடை கோரும் அந்த மனுவை 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்ற விதிகள் வந்தன. பொதுத் தொல்லை என்றால், தனிப்பட்ட இழப்பு இல்லாவிட்டாலும், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நீதிமன்ற அனுமதியுடன் வழக்குத் தொடரலாம் என்றும் ஆனது.

ஆணையை மீறினால் சொத்து முடக்கமும் மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையும் உண்டு. ஏற்கெனவே எழுப்பிய புகைபோக்கியை இடிக்கச் சொல்வது போன்ற, செயலைக் கட்டாயப்படுத்தும் இடைக்கால ஆணைக்கு இன்னும் வலுவான முகாந்திரம் தேவை என்பது தோராப் வழக்கில் (1990) உறுதியானது. போதிய காரணமின்றித் தடை வாங்கியவரிடமிருந்து எதிர்த்தரப்பு இழப்பீடு பெற அதே நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு வழி செய்கிறது. முன்பு 1,000 ரூபாயாக இருந்த அதன் உச்சவரம்பு பின்னர் 50,000 ஆனது. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த மில்லுக்கு இது மிகக் குறைவு.