ரெண்டே நாள்ல அரிப்பு நின்னுடுச்சா? அந்த ட்யூபைத் திருப்பிப் பாருங்க!

புதுச்சேரி இந்திரா காந்தி சிலையிலிருந்து வில்லியனூர் போகும் ரோட்டில், ரெட்டியார்பாளையம் தாண்டினால் மூலக்குளம். மே மாத மதியத்தில் அந்த ரோட்டில் பைக் ஓட்டியிருக்கீங்களா? ஹெல்மெட்டுக்குள் வியர்வை, ஜீன்ஸுக்குள் வியர்வை. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ சேதராப்பட்டு கம்பெனியிலோ ஷிப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு சேஃப்டி ஷூவுக்குள்ளும் வியர்வை. கடலோர ஊர் என்பதால் காற்றிலேயே ஈரம். உடம்பு லேசில் காயாது. அப்படி ஒரு நாள் தொடை இடுக்கில் அரிக்க ஆரம்பிக்கும்.

யாரிடம் சொல்வது? கூச்சம். வீட்டுக்குப் போகிற வழியில் மெடிக்கல் ஷாப். "அண்ணா, அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க." எங்கே அரிப்பு என்று அவர் கேட்க மாட்டார், நீங்களும் சொல்ல மாட்டீங்க. ஒரு ட்யூப் கைக்கு வரும். தடவின ரெண்டே நாளில் அரிப்பு போயே போச்சு! "செம க்ரீம்டா" என்று நண்பனுக்கும் போட்டோ எடுத்து அனுப்புவீங்க. பத்து நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் அரிப்பு, இந்த முறை கொஞ்சம் பெரிதாக. மறுபடி அதே ட்யூப். ஒரு வருஷம் போனால் இடுப்பைச் சுற்றியும் முதுகிலும் வட்டம் வட்டமாக வந்திருக்கும். வீட்டில் மனைவிக்கும் வந்திருக்கும்.

அந்த ட்யூப்தான் இதற்குப் பெரிய காரணம் என்று சொன்னால் நம்புவீங்களா?

படர்தாமரை ஏன் வட்டமா வருது?

இது புழு இல்லை, பூச்சிக்கடி இல்லை, ரத்தம் கெட்டதும் இல்லை. பூஞ்சை. நம் தோலின் மேலடுக்கில் இருக்கிற கெரட்டின் என்ற புரதம்தான் அதன் சாப்பாடு. நடுவில் தின்று முடித்துவிட்டு வெளியே நகரும். அதனால்தான் நடுவில் தோல் தெளிந்தும், ஓரம் சிவந்து, தடித்து, செதில் செதிலாகவும் இருக்கும். தேமலை இதோடு குழப்பிக்காதீங்க. தேமல் வேறு வகைப் பூஞ்சை. வெளிர் புள்ளிகளாக வரும், பெரிதாக அரிக்காது. படர்தாமரையோ ராத்திரி தூங்க விடாது.

இப்போது ட்யூபுக்கு வருவோம். கடையில் 'அரிப்பு க்ரீம்' என்று கொடுக்கப்படுபவற்றில் பல, கலவை மருந்துகள். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு போடுகிற சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். அதனால்தான் ரெண்டே நாளில் நிம்மதி. ஆனால் காவலுக்கு நின்றவனைத் தூங்க வைத்துவிட்டு, திருடன் போய்விட்டான் என்று சந்தோஷப்படுகிற கதை அது. பூஞ்சை உள்ளேயே பரவும். வட்டமும் கலைந்து போகும். ஓரம் தெரியாது, சில சமயம் வட்டத்துக்குள் வட்டம் வரும். அனுபவமுள்ள டாக்டருக்கே 'இது படர்தாமரையா, வேற ஏதாவதா?' என்று ஒரு கணம் யோசனை வரும்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்க. பொடி எழுத்துதான், செல்போன் கேமராவில் ஜூம் பண்ணுங்க. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன். இதில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. இதில் கிளோபெட்டசால் மிக வீரியமான வகை. சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு டாக்டர் பார்த்து, நாள் கணக்கு போட்டுக் கொடுக்கிற மருந்து அது. தொடை இடுக்குத் தோல் மெல்லியது. மருந்தை நிறைய உறிஞ்சும். மாதக்கணக்கில் தடவினால் அங்கே தோல் இன்னும் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரி கோடு கோடாக வெடிப்பு விழும். பூஞ்சையை மருந்தால் போக்கிவிடலாம். அந்தக் கோடுகள் போகாது.

ஸ்டீராய்டே விஷம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீங்க. எத்தனையோ தோல் நோய்களுக்கு அது அருமையான மருந்து. பூஞ்சைக்கு மட்டும் அது சரியான மருந்து இல்லை.

இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இந்தப் பிரச்னைக்கென்றே தனிக்குழு வைத்துப் பேசிவருகிறது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் சீட்டு கேட்காமல் கொடுக்கிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. நாமும் சீட்டு இல்லாமல் கேட்கத்தான் செய்கிறோம்.

நம்ம ஊர் பூஞ்சை, உலக டூர்!

பத்து, பதினைந்து வருஷம் முன்பு படர்தாமரை என்றால் சாதாரண க்ரீம், சில வாரம், முடிந்தது கதை. இப்போது பல மாதம் இழுக்கிறது. காரணம், இந்தியாவில் பரவலாகிவிட்ட ஒரு பூஞ்சை. அதற்கு 2020-ல் வைத்த பெயரே 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே'. பெயரிலேயே இந்தியா! பூஞ்சைக்குக் கொடுக்கிற டெர்பினாஃபின் என்ற முக்கியமான மருந்துக்கு இது பல நேரம் மசிவதில்லை. 2023-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இதைக் கண்டதாக அறிவித்தது. ஸ்டீராய்டு கலவை க்ரீம்களின் கண்மூடித்தனமான உபயோகம் இது இப்படிப் பெருக உதவியிருக்கிறது என்பதே பல நிபுணர்களின் கருத்து.

அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?

நிறைய பேர் தவறவிடுகிற இடம் இது. கல்யாணமாகி ஆறு மாதம். கணவருக்கு அரிப்பு, மனைவியிடம் சொல்லவில்லை. அவருக்கும் இடுப்பில், பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் வருகிறது, அவரும் சொல்லவில்லை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு ட்யூபை ஒளித்து வைத்துக்கொண்டு தடவுகிறார்கள். ஒருவர் 'தலைவலி' என்று விலகிப் படுக்கிறார். இன்னொருவர் 'என்னைப் பிடிக்கலையோ' என்று மருகுகிறார். ஒரு பூஞ்சை இவ்வளவு வேலை பார்க்கும்!

படர்தாமரை யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் இல்லை. துண்டு, படுக்கை, உடை, தோலோடு தோல் படுவது என எல்லா வழியிலும் வரும். வீட்டில் குழந்தைக்கும் மாமியாருக்கும்கூட வரலாம். ஒருவர் மட்டும் மருந்து எடுத்து, இன்னொருவர் விட்டுவிட்டால் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருப்பீங்க. வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்கணும். "எனக்கு இங்க அரிக்குது, உனக்கு இருக்கா?" என்று ஒரு வாக்கியம் போதும். கஷ்டமான வாக்கியம்தான், ஆனால் ஒரு தடவை சொன்னால் போதும்.

சரி, என்ன செய்யணும்?

முதலில் ஸ்டீராய்டு கலவையை நிறுத்துங்க. நிறுத்தின சில நாள் அரிப்பு கூடும். 'அப்போ அதுதான் நல்ல மருந்து' என்று அங்கேதான் பலர் பழையபடி திரும்புகிறார்கள். திரும்பாதீங்க. (முகத்துக்கு வெள்ளையாகணும் என்று மாதக்கணக்கில் ஸ்டீராய்டு க்ரீம் போட்டவங்க மட்டும் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்க. முகம் எரிந்து சிவந்துவிடும்.)

டாக்டர் தருகிற பூஞ்சை க்ரீமை வட்டத்துக்கு வெளியே இரண்டு செ.மீ. வரை சேர்த்து, வெளியிலிருந்து உள்நோக்கித் தடவணும். தோல் தெளிந்த பிறகும் டாக்டர் சொல்கிற வரை, குறைந்தது இரண்டு வாரமாவது தொடரணும். பாதியில் விடுவதுதான் பெரிய தப்பு. பரவலாக இருந்தால் மாத்திரை தருவார். அதை நண்பன் சீட்டைப் பார்த்து நீங்களே வாங்கக் கூடாது. இட்ராகோனசோல் என்ற மாத்திரை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. வேறு பல மருந்துகளோடும் மோதும். கர்ப்பிணிகள் கேட்காமல் தொடவே கூடாது. பூண்டு அரைத்துப் பூசுவது வேண்டாம், தோல் வெந்துபோகும்.

துணி விஷயத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜீன்ஸ் மூணு நாள் ஆனாலும் காயாது. இடுப்புப் பட்டியும் தையலும் ஈரமாகவே இருக்கும். அப்படியே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அந்த மாதங்களில் லூசான காட்டன் பேன்ட்டுக்கு மாறுங்க. உள்ளாடையையும் துண்டையும் தனியாக, சுடுதண்ணீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் போடுங்க. வெயில் இல்லையா? தையல் மேல் அயர்ன் பாக்ஸை நன்றாக ஓட்டுங்க. அப்புறம் அரைஞாண் கயிறு! வருஷக்கணக்கில் நனைந்து நனைந்து இடுப்பிலேயே கிடக்கும் அது, பூஞ்சை தங்குகிற இடமாகிவிடும். பாட்டி கோபித்தாலும், குணமாகிற வரை கழற்றி வையுங்க. வெள்ளியில் போட்டிருந்தாலும் அப்படித்தான்.

மூலக்குளத்துக்காரர்களுக்கு கோரிமேடு ஜிப்மரும், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. தோல் பிரிவு போர்டில் 'பால்வினை நோய்' என்ற வார்த்தையும் சேர்ந்தே இருக்கும். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அதைப் பார்த்துத் திரும்பி வந்தவர்கள் உண்டு. ரெண்டும் ஒரே துறை, அவ்வளவுதான். அந்த வரிசையில் முகப்பருவுக்கும் முடி உதிர்வுக்கும் வந்தவர்களும் நிற்பார்கள். தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையா இல்லையா என்று தெரிந்துவிடும், வலிக்காது.

போகும்போது இதுவரை தடவிய ட்யூப் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துட்டுப் போங்க. தூக்கிப் போட்டுட்டீங்கன்னா, நண்பனுக்கு அனுப்பின அந்த போட்டோ வாட்ஸ்அப்பில் இருக்கும், அதைக் காட்டுங்க. அப்படியே நண்பனுக்கும் ஒரு மெசேஜ் தட்டி விடுங்க.