மிஸ்டர் மேஜிக்

மிஸ்டர் மேஜிக் என்று அறியப்பட்ட ஜான் ரிவாஸ் (1956–2009), பெரிய வணிக வானொலி ஒன்றில் ராப் இசைக்கென்றே தனி நிகழ்ச்சி நடத்திய முதல் அமெரிக்கத் தொகுப்பாளராகக் கருதப்படுபவர். நியூயார்க் நகரின் 107.5 பண்பலை நிலையமான டபிள்யூ.பி.எல்.எஸ்.ஸில் வெள்ளி, சனி இரவுகளில் ஒலித்த அவருடைய 'ராப் அட்டாக்', 1980களில் அந்நகர இளைஞர்களின் ராப் ரசனையை வகுத்த நிகழ்ச்சிகளில் ஒன்று. ஹிப்-ஹாப் வரலாற்றை எழுதுவோர் பலரும் வானொலிக்குத் தரும் இடம் சிறியது. தெருவிலும் பூங்காவிலும் பிறந்து வளர்ந்து முடிந்த ஓர் இசையை வானொலி பிற்பாடு எடுத்துப் பரப்பியது, அவ்வளவுதான் என்பது அவர்கள் கணிப்பு. மேஜிக்கின் தொழில் வாழ்க்கை இந்தக் கணிப்புக்கு இடம் தரவில்லை. அவர் ஒலிபரப்பிய இசைத்தட்டுகளும், அதே அளவுக்கு அவர் மறுத்த இசைத்தட்டுகளும், ராப் என்ன வடிவம் எடுத்தது என்பதைத் தீர்மானித்திருக்கின்றன.

ஹிப்-ஹாப்பின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில், டீஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகள் போட்ட விருந்து. அதற்குப் பின் ஆறாண்டுகள் இந்த இசை நேரில் கூடியவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. கூட்டத்தில் பதிவான கேசட்டுகள் கைமாறின. 1979இல் சுகர்ஹில் கேங்கின் 'ராப்பர்ஸ் டிலைட்' இசைத்தட்டாக வந்து பில்போர்டின் முதல் 40 இடங்களுக்குள் நுழைந்தது. ஆனாலும் நிலையங்கள் அதை ஒரு புதுமை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டன, ஒரு வகைமையின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. மேஜிக் தொடங்கியது இந்த இடைவெளியில்தான். நேரத்தை மணிக்கணக்கில் விலைக்கு விற்ற 105.9 பண்பலையின் டபிள்யூ.எச்.பி.ஐ. நிலையத்தில், குடியேறிய சமூகங்களின் பல மொழி நிகழ்ச்சிகளுக்கு நடுவே, சொந்தப் பணம் கட்டி இரவு நேரத்தை வாங்கி அவர் ராப் இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். யாரும் நியமிக்காததால் யாருக்கும் கட்டுப்பட வேண்டியிருக்கவில்லை. எந்த இசைத்தட்டுக்கு எத்தனை நிமிடம் என்பதைத் தன் காசில் தானே தீர்மானிக்கும் பழக்கம் அங்கேதான் அவருக்கு ஊறியது. 1982இல் ஹூடினி குழு அவரைப் போற்றி 'மேஜிக்ஸ் வாண்ட்' என்றொரு பாடலையே வெளியிட்டது என்றால், ஒரு வானொலிக் குரல் அதற்குள் எவ்வளவு செல்வாக்குப் பெற்றிருந்தது என்பதை ஊகிக்கலாம்.

டபிள்யூ.பி.எல்.எஸ். அவரை அழைத்துக்கொண்டது எளிதில் நடந்த காரியம் அல்ல. பெர்சி சட்டன் நிறுவனர்களில் ஒருவராக இருந்த இன்னர் சிட்டி பிராட்காஸ்டிங் என்ற கறுப்பினத்தவர் நிறுவனத்தின் நிலையம் அது. அதன் முகமாக விளங்கிய ஃபிராங்கி குரோக்கர் நாகரிகமான, வசதியான நேயர் வட்டத்தை மனத்தில் வைத்து நிகழ்ச்சிகளை வடிவமைத்தவர். ஒவ்வொரு நாளும் ஒரு பழைய ஜாஸ் பாடலோடு விடைபெறுவது அவர் வழக்கம். அப்படிப்பட்ட நிலையத்துக்கு, தெருமுனைப் பேச்சைத் தாளத்தில் கொட்டும் இளைஞர்கள் சங்கடம் தரும் விருந்தாளிகள். விளம்பரதாரர்கள் விலகுவார்கள் என்ற அச்சமும், நடுத்தர வர்க்கக் கறுப்பினக் குடும்பங்கள் முகம் சுளிக்கும் என்ற கவலையும் அக்காலத்து நிலையங்களில் பரவலாக இருந்தவை. எனவே ராப்புக்குக் கிடைத்தது வார இறுதி இரவு மட்டுமே. அந்த ஓரத்து நேரம்தான் அதற்கு நன்மையாகவும் முடிந்தது என்பேன். பகல் நேரப் பாடல்பட்டியலின் கெடுபிடி எட்டாத அந்தச் சில மணி நேரங்களில் மேஜிக், கலவை செய்த மார்லி மார்ல், துணைநின்ற டைரோன் 'ஃப்ளை டை' வில்லியம்ஸ் ஆகிய மூவரும் ஒரு சிறு அரசையே நடத்தினர். வீட்டில் கேசட் பொருத்திக் காத்திருந்த இளைஞர்கள் அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்து நகரத்துக்கு வெளியேயும் அனுப்பினார்கள்.

இங்கிருந்து வானொலி இசையைச் சுமந்து செல்வதோடு நிற்காமல் உண்டாக்கவும் தொடங்குகிறது. 1984இல் யூ.டி.எஃப்.ஓ. குழுவின் 'ராக்ஸான், ராக்ஸான்' வெற்றி பெற்ற வேளையில், மேஜிக்கும் அவர் கூட்டாளிகளும் ஏற்பாடு செய்த ஒரு நிகழ்ச்சிக்கு அக்குழு வராமல் போனது. அந்த மனத்தாங்கலைக் கேள்விப்பட்ட குவீன்ஸ் பகுதியின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமி ராக்ஸான் ஷாண்டே, மார்லி மார்லின் வீட்டிலேயே ஒரு பதில் பாட்டைப் பதிவு செய்தாள். 'ராக்ஸான்ஸ் ரிவெஞ்ச்' மேஜிக்கின் நிகழ்ச்சியில் ஒலித்ததும் பதிலுக்குப் பதில், அதற்கும் பதில் என்று பல குழுக்கள் இசைத்தட்டுகளை வெளியிட்டன. மேடையில் இரு குழுக்கள் நேருக்கு நேர் மோதிய பழைய வழக்கம் இதற்குப் பின் இசைத்தட்டுக்கு இசைத்தட்டு நடக்கும் வாக்குவாதமாக மாறியது. இந்த மாற்றம் பூங்காவில் நிகழ்ந்திருக்க முடியாது. இந்த வாரம் வந்த குற்றச்சாட்டைக் கேட்ட அதே நேயர்கள் அடுத்த வாரம் பதிலையும் கேட்க வேண்டும், அதற்கு ஒரு நிலையான மேடை வேண்டும். ஷாண்டேயைத் தொடர்ந்து எம்.சி. ஷான், பிஸ் மார்க்கி, பிக் டாடி கேன், கூல் ஜி ராப் என வளர்ந்த 'ஜூஸ் க்ரூ' கூட்டணியும், வில்லியம்ஸ் நடத்திய கோல்ட் சில்லின் நிறுவனமும் இந்த நிகழ்ச்சியின் நிழலில் முளைத்தவையே.

இதில் ஒரு நேர்மைக் கேள்வி எழுவது நியாயம். தன் கூட்டாளிகளின் இசைத்தட்டுகளைத் தானே ஒலிபரப்பியவர் நடுவராக இருக்க முடியுமா? முடியாது, மேஜிக் நடுவராக இருக்கவும் இல்லை. ஆனால் அவருடைய சார்பு மறைவானது அல்ல. அவர் யார் பக்கம் என்பது நேயர்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் இடம் உருவானது. போட்டி நிலையமான 98.7 கிஸ் எஃப்.எம்.மில் கூல் டீஜே ரெட் அலர்ட் அதே வார இறுதி இரவுகளில் நிகழ்ச்சி நடத்தினார். கே.ஆர்.எஸ்.-ஒன், ஸ்காட் லா ராக் இருவரின் பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் கொண்டுவந்த தொடக்ககால இசையை மேஜிக் இளக்காரமாக ஒதுக்கினார் என்பது பலரும் பதிவு செய்துள்ள செய்தி. எம்.சி. ஷானின் 'தி பிரிட்ஜ்' பாட்டுக்கு அவர்கள் 'சவுத் பிராங்க்ஸ்', 'தி பிரிட்ஜ் இஸ் ஓவர்' என்று கொடுத்த பதிலடியை ரெட் அலர்ட் எடுத்து முழங்கினார். குவீன்ஸுக்கும் பிராங்க்ஸுக்கும் இடையில் மூண்ட அந்தச் சண்டையிலிருந்து ராப்பின் மிகச் சிறந்த பாடல்கள் சில கிடைத்தன. பப்ளிக் எனிமியின் முதல் இசைத்தட்டையும் மேஜிக் ஒலிபரப்பிலேயே ஏளனம் செய்து ஒதுக்கினார். அக்குழு அந்த ஏளனக் குரலையே பதிவு செய்து 1988இல் வெளியான தன் இரண்டாவது ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டது. இரண்டு தீர்ப்புகளும் தவறானவை என்று காலம் காட்டிவிட்டது. என்றாலும் ஒரு கலைஞனை மேலும் கூர்மையாக எழுத வைக்கும் வலிமை அந்த மறுப்புக்கு இருந்தது. யாரென்று தெரியாத நிர்வாகக் குழு ஒன்று கதவைச் சாத்தியிருந்தால் அவர்கள் யாருக்குப் பதில் பாடியிருப்பார்கள்?

மேஜிக்குக்கு முதலிடம் தருவதை மறுப்போரும் உண்டு. பிலடெல்ஃபியாவில் லேடி பி. என்ற பெண் தொகுப்பாளர் 1970களின் இறுதியிலேயே ராப்பை ஒலிபரப்பியதோடு தானும் ஓர் இசைத்தட்டு வெளியிட்டவர். அதே டபிள்யூ.எச்.பி.ஐ.யில் வேர்ல்ட்ஸ் ஃபேமஸ் சுப்ரீம் டீமும் நிகழ்ச்சி நடத்தியது. லாங் ஐலண்டின் கல்லூரி வானொலியில் பப்ளிக் எனிமியின் சக் டி. பேசிப் பழகினார். இவர்களின் பங்கைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை, லேடி பி.யை வரலாறு போதிய அளவு நினைக்கவில்லை என்பது உண்மையான குறை. மேஜிக்கின் தனித்தன்மையை யார் முந்தி என்ற கேள்வியில் தேடுவது வீண். நாட்டின் மிகப் பெரிய வானொலிச் சந்தையில், இசைத்தட்டுத் தொழிலின் தலைமையகங்களுக்குப் பக்கத்தில், தன் பெயரைச் சொல்லித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அவருக்குக் கிடைத்தது, அதை அவர் தயங்காமல் பயன்படுத்தினார் என்பதே முக்கியம். கேசட்டுகளே ராப்பைப் பரப்பப் போதுமாயிருந்தன என்ற வாதமும் பாதி வழிதான் செல்கிறது. கேசட் ஓர் இரவைப் பாதுகாக்கும்; ஒரே நேரத்தில் நியூயார்க்கின் ஐந்து வட்டாரங்களையும் ஒரே பாட்டைப் பற்றிச் சண்டை போட வைக்க அதனால் இயலாது. புரூக்ளினில் வளர்ந்த நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1994இல் தன் 'ஜூசி' பாடலில் இளமையை நினைக்கும்போது மேஜிக்கையும் மார்லியையும் பெயர் சொல்லி அழைப்பது இதற்குச் சான்று.

1980களின் இறுதியில் 'ராப் அட்டாக்' ஓய்ந்தது. 2002இல் வெளியான 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி' வீடியோ விளையாட்டில், 1986ஆம் ஆண்டின் கற்பனை வானொலி ஒன்றின் தொகுப்பாளராக அவர் தன் பெயரிலேயே குரல் கொடுத்து, புதிய தலைமுறைக்கும் அறிமுகமானார். 2009 அக்டோபர் 2 அன்று மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 53. அதற்குள் அவர் வகித்த இடமே வானொலியில் சுருங்கிப்போயிருந்தது. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை நிலையங்களைத்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. நிலையங்கள் சில பெருநிறுவனங்களிடம் குவிந்தன. பாடல்பட்டியலைத் தொகுப்பாளர் அல்லாமல் தலைமை அலுவலகம் முடிவு செய்வது வழக்கமானது. அந்த ஏற்பாட்டில் ராப் முன்னைவிடப் பல மடங்கு அதிகமாக, பகலிலும் இரவிலும் ஒலித்தது. ஆனால் ஒரு பாட்டை ஒதுக்கியவர் யார் என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர் இல்லாமல் போனது.